தோனி: பிழையைத் தேடிப் பழக ஒரு மென்பொருள்

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பழகத் தொடங்குவோருக்காக எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் தோனி; பெயரைச் சொன்னதும் வகுப்பில் கிரிக்கெட் பேச்சு கிளம்புவதைத்தான் தவிர்க்க முடியவில்லை. பைத்தானும் இதனுடனேயே வந்துவிடுவதால் ஒருமுறை நிறுவினால் போதும், பிறகு இணையம் தேவையில்லை.

என் மாணவி ஒருத்தி, ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டும் செயற்கூறு (function, ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதி) ஒன்றை எழுதியிருந்தாள். விடையாக முதல் பாடத்தின் 78 மட்டுமே வந்தது. பிழைச்செய்தி காட்டாத இத்தகைய தவறுகளில்தான் புதியவர்கள் திணறி, கூட்டல் வரியை மாற்றிப் பார்த்து, மதிப்பைச் சேமிக்கும் மாறியின் பெயரை மாற்றிப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்க, அவளைக் கன்ட்ரோல் எஃப்5 அழுத்திவிட்டு, ஒவ்வொரு படிக்கும் எஃப்7 விசையைத் தட்டச் சொன்னேன். செயற்கூறுக்கெனத் தனிச் சாளரம் திறந்தது; 'மொத்தம் + மதிப்பெண்' என்ற கோவை அதே இடத்தில் '0 + 78' ஆகி, பிறகு 78 ஆனது; அடுத்த மதிப்பெண்ணுக்குப் போகுமுன் சாளரம் மூடிக்கொண்டது. "இன்னும் நாலு மார்க் இருக்கே சார்!" என்றாள். விடையைத் தந்து செயற்கூறை முடித்துவிடும் ரிட்டர்ன் வரியை, மதிப்பெண்களை ஒவ்வொன்றாகக் கூட்டும் மடக்குக்குள் (loop) தள்ளி எழுதியிருந்ததை அவளே கண்டுபிடித்தாள்.

பயனரிடம் இன்புட் வழியே பெற்ற எண், எண்ணாக அல்லாமல் சரமாகவே (வெறும் எழுத்துவரிசையாக) இருப்பதால் 12உம் 5உம் சேர்ந்து 125 ஆகும் குழப்பமும் இதில் எளிதில் பிடிபடுகிறது, ஏனெனில் மாறிகளின் மதிப்பைக் காட்டும் பலகையில் அந்த 12 மேற்கோள் குறிகளுக்குள் நிற்கிறது. பலகை மூடியிருந்தால் வியூ மெனுவில் திறந்துகொள்ளலாம்.

குறைகளும் உண்டு. ஆயிரம் முறை சுழலும் மடக்கை இப்படித் தட்டித் தட்டிப் பார்ப்பது பெரும் சலிப்பு. பிழை நேர்ந்தால் குறிப்புத் தரும் அசிஸ்டன்ட் பகுதியின் ஊகங்கள் எல்லா நேரமும் பொருந்துவதில்லை. பைத்தானில் ஒரே பட்டியலுக்கு (list) இரு மாறிப் பெயர்கள் இருப்பதை விளக்க, அம்புக்குறி வரைந்து காட்டும் பைத்தான் டியூட்டர் தளத்தையே நான் நாடுகிறேன். அதற்கு இணையம் வேண்டும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சும்மா விட்டால் மாணவர்கள் டிவி சேனல் மாற்றுவதுபோல் எஃப்7 விசையைத் தட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள். ஆகவே, அடுத்து வரப்போகும் மதிப்பை நோட்டில் எழுதிய பிறகே விசையைத் தொட வேண்டும் என்று என் வகுப்பில் விதி வைத்திருக்கிறேன்.