பாத்ஃபைண்டர் துப்பாக்கிகள் எவ்வளவு காலம் உழைக்க வேண்டும்?

பைசோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அல்டிமேட் காம்பாட்’ என்னும் விதிநூலில், அதாவது பகடை உருட்டி, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்ஃபைண்டர் என்ற கதாபாத்திர விளையாட்டின் விதிநூலில், துப்பாக்கிகளைப் பற்றிய பகுதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். கன்ஸ்லிங்கர் என்ற துப்பாக்கி வீரரை அறிமுகப்படுத்திய வகையில் அது ரசிக்கத்தக்க பகுதிதான். ஆனால், டிராகன்களும் மந்திரவாதிகளும் உலவும் உலகில் ஒரு துப்பாக்கி எவ்வளவு நீடித்து உழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது தரும் விடையை என்னால் ஏற்க இயலவில்லை.

மஸ்கட் எனப்படும் பழைய நீளக்குழல் துப்பாக்கியால் சுடும்போது இருபது முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் அது ‘மிஸ்ஃபயர்’. குறி தவறுவதோடு துப்பாக்கியும் பழுதடைந்ததாகக் கொள்ளப்படும். பழுதான மஸ்கட்டைச் சரிசெய்யாமல் மீண்டும் சுட்டால் மிஸ்ஃபயர் எல்லை 1 முதல் 6 வரை விரிகிறது. அதற்குள் பகடை விழுந்துவிட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறி, ஏந்தியவரையும் பக்கத்தில் நிற்பவரையும் காயப்படுத்தும். 1,500 பொற்காசு விலையுள்ள ஆயுதம் இப்படி அடுத்தடுத்த இரண்டு சுடுதல்களில் ஒழிந்துபோகலாம். அதே விளையாட்டில் 15 பொற்காசுக்குக் கிடைக்கும் நீள்வாளோ, எதிரி அதையே குறிவைத்து உடைத்தாலொழிய, தலைமுறை தலைமுறையாக உழைக்கும்.

இந்தக் கடுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. மஸ்கட்டின் குண்டு 40 அடிக்குள் இருக்கும் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்துவதில்லை. அந்தச் சலுகைக்கு ஈடாகவே மிஸ்ஃபயர் வைக்கப்பட்டிருக்கிறது. மிஸ்ஃபயர் நிகழும் விகிதத்திலும் எனக்குக் குறையில்லை. 1834-இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் நடந்த சோதனையில் சக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் மஸ்கட்டுகள் 6,000 முறை சுடப்பட்டபோது 922 முறை வெடிமருந்து பற்றவில்லை. இந்நூலில், மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சேர்த்துச் சுருட்டிய காகிதத் தோட்டாவைப் பயன்படுத்தினால் மிஸ்ஃபயர் எல்லை மேலும் ஓர் எண் கூடி, இருபதில் மூன்றாகிறது. இரண்டுமே ஏறத்தாழ 15 விழுக்காடுதான்.

விளைவில்தான் நூல் தடம் புரள்கிறது. மருந்து பற்றாத அந்தத் துப்பாக்கிகள் பழுதாகிவிடவில்லை. சிப்பாய் மெல்லிய கம்பியால் குழலின் பற்றுத்துளையைக் குத்திச் சுத்தம் செய்து, கிண்ணத்தில் புதிய மருந்தைத் தூவி, தேவைப்பட்டால் கல்லைத் திருப்பிப் பொருத்திவிட்டு மறுபடியும் சுட்டிருப்பான். குழல் வெடிப்பது முற்றிலும் வேறு வகை விபத்து. இரட்டை மருந்து இட்டாலோ குழலுக்குள் ஏதேனும் அடைத்துக்கொண்டாலோதான் பெரும்பாலும் அது நேரும். இந்த இரண்டையும் ஒரே விதியில் முடிச்சுப் போட்டதால், எந்த அரசனும் தன் காவற்படைக்குக் கொடுக்கத் துணியாத ஆயுதமாகத் துப்பாக்கி ஆகிவிட்டது.

இதைவிட விசித்திரம், தேர்ச்சி கூடக்கூட ஆபத்தும் கூடுவது. காகிதத் தோட்டாவோடு கைத்துப்பாக்கியைப் பிடித்த 16-ஆம் நிலை வீரர் ஒரே சுற்றில் நான்கு முறை சுடுவாரானால், அதில் ஒன்றேனும் மிஸ்ஃபயராக 34 விழுக்காடு வாய்ப்பு உண்டு. முதல் நாள் பயிற்சிக்கு வந்தவர் அதே துப்பாக்கியால் ஒரு முறை சுட்டால் 10 விழுக்காடு. கன்ஸ்லிங்கருக்குப் பழுதை நொடியில் நீக்கும் திறன் முதல் நிலையிலேயே கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்காக அவர் தன் முறையின் முக்கியச் செயலையோ, ‘கிரிட்’ எனப்படும் துணிவுப் புள்ளியையோ தொடர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது. மற்ற வகைக் கதாபாத்திரங்களுக்கு அந்த வசதி இயல்பாகக் கிடைப்பதும் இல்லை.

பத்தாண்டுகள் கழித்து, 2021-இல், விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்காக வந்த ‘கன்ஸ் அண்ட் கியர்ஸ்’ நேர்த்தியான விடையைத் தருகிறது. நாள்தோறும் ஒரு மணி நேரம் துடைத்துப் பராமரித்த துப்பாக்கி சாதாரணமாகச் சுடும்போது மிஸ்ஃபயர் ஆவதில்லை. பராமரிக்காததைச் சுடும்போது மட்டும் தனியாக ஒரு பகடை உருட்ட வேண்டும். 5-க்குக் கீழே விழுந்தால் அது சிக்கிக்கொள்ளும், ஒரே செயலில் சரிசெய்துவிடலாம். கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாக மாறி, அதில் ஒரு பகுதி குழலில் படிந்து, ஈரத்தை இழுத்து, இரும்பை அரிக்கும் தன்மையுடையது என்பதால் இந்த விதி வேதியியலோடும் ஒத்துப்போகிறது. அதிலும் ஒரு குறை உண்டு. காலையில் “துடைத்துவிட்டேன்” என்று ஆட்டக்காரர் சொல்லிவிட்டால் விதி அந்த நாள் முழுதும் உறங்கிப் போகிறது. 

புதிதாகத் தொடங்கும் குழுவினர் ‘கன்ஸ் அண்ட் கியர்ஸ்’ நூலை வாங்கலாம். முதற்பதிப்பிலேயே தொடர்பவர்கள் மிஸ்ஃபயர் எண்களைத் தொடாமல் விட்டுவிட்டு, அதன் விளைவை மட்டும் அடுத்த முறையில் ஒரு நகர்வுச் செயலின் இழப்பாகக் குறைத்துக்கொண்டு, குழல் வெடிப்பதை வேண்டுமென்றே இரட்டை மருந்து இடுபவருக்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாம். அவ்வாறு திருத்தினால், மஸ்கட் கவசத்தைப் பொருட்படுத்தாத தூரத்தை 40 அடியிலிருந்து 20 ஆகக் குறைப்பதும் அவசியம். இல்லையேல் வில்லாளிக்கு அந்த மேசையில் வேலையே இருக்காது.