கரடியை எண்ணுவது யார்? காப்பகங்களில் ஆய்வுக்கு இடம் தரும் மூன்று வழிகள்

ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் விரிந்த ஓர் இயற்கைக் காப்பகத்தை அறிவியல் துணையின்றி நடத்த முடியாது என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆய்வாளர் யாருடைய ஆளாக இருக்க வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. அனுமதி பெற்று வெளியிலிருந்து வருபவரா, பூங்காவிடமே சம்பளம் வாங்குபவரா, அல்லது நிர்வாகத்தோடு நிரந்தரமாகப் பிணைந்த தனி அமைப்பைச் சேர்ந்தவரா?

முதல் வழி எப்படி முறியும் என்பதை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டியது. வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்களான கிரெய்க்ஹெட் சகோதரர்கள் 1959-இல் அங்கே கிரிஸ்லி கரடிகளை ஆராயத் தொடங்கினார்கள். கரடிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த முன்னோடிகள் அவர்கள். பூங்காவின் குப்பைமேடுகளில் தின்று பழகியிருந்தன அந்தக் கரடிகள். மேடுகளை மூடுவது என்று நிர்வாகம் தீர்மானித்தபோது, படிப்படியாக மூடுங்கள், இல்லாவிட்டால் பசித்த கரடிகள் முகாம்களுக்குள் நுழையும் என்று சகோதரர்கள் எச்சரித்தார்கள். விரைந்து மூடினால்தான் கரடிகள் இயற்கை உணவுக்குத் திரும்பும் என்றது நிர்வாகம். அந்த வாதத்தையும் அற்பமென்று தள்ள முடியாது. ஆனால் 1970-இல் பெரிய மேடான ட்ரவுட் கிரீக் மூடப்பட்டபின் ஏராளமான கரடிகள் மனிதர்களோடு மோதிக் கொல்லப்பட்டன. சகோதரர்களின் ஆய்வும் மறு ஆண்டே நின்றது.

இதில் என்னை மிகவும் வருத்துவது குப்பைமேடு பற்றிய சண்டை அல்ல. எத்தனை கரடிகள் மிஞ்சின என்ற எளிய கேள்விக்கே இரு தரப்புக்கும் பொதுவான விடை இல்லை. பல அரசு அமைப்புகள் சேர்ந்த கூட்டு ஆய்வுக் குழு 1973-இல்தான் அமைந்தது. 1975-இல் அந்தக் கரடி அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அப்படியானால் ஆய்வாளரைப் பூங்காவுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன? தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா இந்த வழியில் மிக நீண்ட அனுபவம் பெற்றது. ஆய்வாளர்கள் ஸ்குகூசா தலைமையகத்திலேயே இருப்பதால், கண்டது உடனுக்குடன் அதிகாரியின் காதுக்குப் போகும். 1954-இல் தொடங்கிய தீ ஆய்வுத் திட்டுகளை, அதாவது தீயின் விளைவை அறியத் திட்டமிட்டு எரிக்கும் நிலத் துண்டுகளை, பல பத்தாண்டுகள் விடாமல் பேண முடிந்ததும் இதனால்தான். வெளியிலிருந்து வரும் மூன்றாண்டு ஆய்வுத் திட்டத்தால் இது ஆகாத காரியம்.

ஆனால் உள்ளே இருப்பவர் தன் அலுவலகத்தின் நம்பிக்கைகளுக்கும் உள்ளேயே இருக்கிறார். வறட்சியில் விலங்குகள் மடியக் கூடாதென்று குரூகரில் நூற்றுக்கணக்கான செயற்கை நீர்நிலைகள் உருவாக்கப்பட்டன. வடக்குச் சமவெளியில் தண்ணீரைத் தேடி வரிக்குதிரைகள் வந்தன, அவற்றைத் தேடிச் சிங்கங்கள் வந்தன. அரிய ரோன் மான்கள் 1986-இல் சுமார் 450 இருந்தன. 1993-இல் சுமார் 45 தான். அதன்பிறகே நீர்நிலைகளை மூடத் தொடங்கினார்கள். கருணையோடு செய்ததுதான். ஆனால் எண்ணிக்கை எங்கே இறங்கினால் திட்டத்தை நிறுத்துவது என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை.

1990-களில் குரூகர் கண்டுபிடித்த தீர்வும் இதே இடத்தைத்தான் தொட்டது: ஆறு, தாவரம், விலங்கு என ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்களும் நிர்வாகிகளும் சேர்ந்து கவலைக்குரிய எல்லைகளை வகுத்தார்கள். அளவீடு எல்லையை நெருங்கினால் நிர்வாகம் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். இந்த ஒரு ஏற்பாட்டை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

மூன்றாவது வழிக்கு ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகள் நல்ல சான்று. அங்கே பூங்கா நிர்வாகம் வேறு, ஆய்வு நடத்தும், 1959-இல் உருவான சார்லஸ் டார்வின் அறக்கட்டளை வேறு. இரண்டும் கைகோத்து 2006-க்குள் சான்டியாகோ தீவிலும் வடக்கு இசபெலாவிலும் தாவரங்களைத் தின்று அழித்துவந்த 1,40,000-க்கும் மேற்பட்ட அயல் ஆடுகளை அகற்றின. கழுத்தில் ரேடியோ கட்டிய ஆட்டை விட்டால் அது தன் இனத்தைத் தேடிச் சேரும்; ஒளிந்திருக்கும் கடைசி மந்தையும் அகப்பட்டுவிடும். ஆய்வுக் கருவி களப்பணியாளரின் கருவியான தருணம் அது.

ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃப் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 3,44,400 சதுர கிலோமீட்டர் கடல் பூங்காவை ஓர் ஆணையம் நடத்துகிறது. பவளத்தை 1980-களிலிருந்து கணக்கெடுப்பது ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம். 2004-இல் மீன்பிடிக்கத் தடையுள்ள பரப்பு 5 சதவீதத்துக்கும் கீழிருந்து சுமார் 33 சதவீதமாக உயர்ந்தது. பூங்காவை 70 உயிரியல் மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதத்தையாவது காப்பது என்ற அறிவியல் விதி முன்னரே ஏற்கப்பட்டிருந்ததால், எதிர்ப்பு எழுந்தபோதும் பேரத்துக்கு ஓர் அடித்தளம் இருந்தது. இதற்கும் எல்லை உண்டு. கடல் சூடேறிப் பவளம் வெளிறும்போது கணக்கு துல்லியமாக வருகிறது, அதைத் தடுக்கும் அதிகாரம் ஆணையத்திடம் இல்லை.

ஒரு புதிய பெருங்காப்பகம் என்னைக் கேட்டால் மூன்றாவது வழியைச் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. உள்ளே இரண்டு மூன்று ஆய்வாளர்கள் போதும். களத்தின் கேள்விகளை வெளியே கொண்டுபோவது அவர்கள் வேலை. எண்ணிக்கையை வேறொரு அமைப்பு எடுத்து வெளியிடட்டும். எந்த எண்ணில் எதைச் செய்வது என்பதை முதல் கணக்கெடுப்புக்கு முன்பே இருவரும் எழுதிக் கையெழுத்திடட்டும்.