நின்றால் கொதிக்கிறதா, ஓடினால் கொதிக்கிறதா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த வைத்தியம் எடுபடும்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் ஒருமுறையாவது மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர், ஒரு பக்கம் கடல் இருந்தும் காற்று வராது. 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான என் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, லாரி டயரைவிடக் கொஞ்சம்தான் உயரம். முன்னால் நிற்கும் லாரி விடுகிற சூடான புகை நேராக கிரில்லுக்குள் போகிறது. பத்து நிமிடத்தில் வெப்பம் காட்டும் முள் நடுவைத் தாண்டும், பதினைந்தில் சிவப்பைத் தொடும், அப்புறம் ஓவர்ஃப்ளோ குழாயில் புஸ்ஸென்று ஆவி. பக்கத்து லாரி டிரைவர் தலையை நீட்டி, "இன்னாண்ணே, உள்ள பாயாசம் காய்ச்சுறியா?" என்றார்.

இதே காரை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டி சோழவரம் வரை ஓட்டினால் முள் அசையாது. ஒருகாலத்தில் ரேஸ் நடந்த பழைய விமான ஓடுதளம் இருக்கும் ஊர் அது. அந்த நினைப்பில் காலை கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் சரி, வெப்பம் ஏறுவதில்லை. திரும்பி வரும்போது மூலக்கடை சிக்னலில் இரண்டு முறை நின்றால் போதும், கதை மாறிவிடும்.

கடையில் விற்கும் எந்த வைத்தியத்தை வாங்குவது என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்ய வேண்டும். நின்றால் சூடாகி, ஓடினால் ஆறுகிறது என்றால் குறை காற்றில். வேகமாக ஓடும்போதும் மேடு ஏறும்போதும் சூடாகிறது என்றால் குறை தண்ணீர் ஓட்டத்திலோ, ரேடியேட்டரிலோ, டைமிங்கிலோ (தீப்பொறி விழும் நேரம்). இதைப் பிரித்துப் பார்க்காமல் முதல் வருடம் நான் செலவு செய்த பணத்தில் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. முள் சொல்வது உண்மைதானா என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் வெப்ப முள்ளுக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர், 10 வோல்ட் கொடுப்பது. அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போகும். பெட்ரோல் போடாமலே டேங்க் நிறைந்துகொண்டு வந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை, ஸ்டெபிலைசர். வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கித் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) மூடியில் காட்டிப் பார்ப்பது நல்லது.

பழைய ஃபேனா, எலெக்ட்ரிக் ஃபேனா

வட சென்னைக்கு முக்கியமான போட்டி இதுதான். ஸ்பிட்ஃபயரில் ஃபேன் பெல்ட்டில் ஓடுவதில்லை, இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் முனையிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். பெல்ட் அறுந்தாலும் ஃபேன் சுற்றும், வாட்டர் பம்ப்தான் நிற்கும். ஃபேன் சுற்றுகிறதே என்று நம்பி ஓட்டி ஹெட் கேஸ்கெட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. இந்த ஏற்பாட்டில் கெட்டுப்போக எதுவும் இல்லை. ஆனால் வண்டி நிற்கும்போது இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஃபேனும் 800 சுற்றுதான். காற்று எப்போது அதிகம் தேவையோ அப்போதுதான் மிகக் குறைவாக வீசும். நெடுஞ்சாலையில் 4000 சுற்றில், தேவையே இல்லாத நேரத்தில், பவரைத் தின்றுகொண்டு இரைச்சலாகச் சுற்றும்.

எலெக்ட்ரிக் ஃபேன் இதற்கு நேர்மாறு. நின்றாலும் முழு வேகம். எண்ணூர் வரிசைக்கு இது போதுமே என்று நானும் நினைத்தேன். கரண்ட் கணக்கைப் பார்க்காமல் விட்டதுதான் என் தவறு. 12 அங்குல ஃபேன் ஏறக்குறைய 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். லூகாஸ் கம்பெனியின் பழைய சி40 டைனமோ அதிகபட்சம் கொடுப்பதே 22 ஆம்பியர், அதுவும் இன்ஜின் நன்றாக ஓடும்போது. ஐடிலில் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது. ராத்திரி, மழை, ஹெட்லைட், வைப்பர், இதற்கு மேல் ஃபேன். எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போயாக வேண்டும். ஒருநாள் தண்டையார்பேட்டையில் இன்ஜின் சூடு சரியாக இருந்தது, ஆனால் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம்.

ஆகவே எலெக்ட்ரிக் ஃபேனின் உண்மையான விலையில் ஆல்டர்நேட்டரும் சேர்த்தி. அதே லூகாஸில் 16ஏசிஆர் 34 ஆம்பியர், 18ஏசிஆர் 45 ஆம்பியர் தரும். ஐடிலிலும் ஓரளவு சார்ஜ் ஏறும். பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த கார், வைத்திருப்பவர்களுக்கு (1967க்கு முந்தைய எம்ஜிபி போல) இன்னொரு சங்கடம்: ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, ரேடியேட்டரின் சூட்டை கிரில் வழியாக வெளியே தள்ளும். பரிசோதனை சுலபம். ஃபேனைப் போட்டு கிரில் முன்னால் ஒரு தினசரித் தாளைப் பிடியுங்கள். தாள் உள்ளே ஒட்டிக்கொண்டால் சரி, பறந்து உங்கள் முகத்துக்கு வந்தால் ஒயரை மாற்றுங்கள். ரேடியேட்டர் கோருக்குள் (குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி) நைலான் டை சொருகி ஃபேனைக் கட்டாதீர்கள். அதிர்வில் டை குழாயை அறுத்துவிடும். பிராக்கெட் அடித்து சட்டத்தில் மாட்டுங்கள்.

நான் எடுத்த முடிவு: கிராங்க் ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பக்கம் சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் உதவிக்கு. தெர்மோ சுவிட்ச் இருந்தாலும் டேஷ்போர்டுக்குக் கீழே கையால் போடும் சுவிட்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன். லாரி வரிசையைக் கண்ணால் பார்த்ததுமே போட்டுவிடலாம், முள் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு அட்டை

இவ்வளவு செலவுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெரிய பலன், கிட்டத்தட்ட இலவசமான ஒன்றிலிருந்து வந்தது. ஸ்பிட்ஃபயரில் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, இரு பக்கமும் காற்றை ஒதுக்கிவிடும் அட்டைத் தடுப்பு உண்டு. தொழிற்சாலையிலேயே அட்டைதான். ஐம்பது வருடத்தில் நனைந்து கிழிந்து, பெரும்பாலான கார்களில் அது இருப்பதே இல்லை. காற்று எதிர்ப்பில்லாத வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் நெருக்கமான ஃபின்களுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். நிற்கும்போது ஃபேன் தள்ளிய சூடான காற்றே சுற்றி முன்பக்கம் வந்து மறுபடி உள்ளே போகும். மெல்லிய அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி, விளிம்பில் கதவு ரப்பரை ஒட்டி மாட்டினேன். ஒரு சாயங்கால வேலை. அதே நேரம் அழகுக்கு வைத்திருந்த இரண்டு பெரிய லைட்டையும் கிரில் முன்னாலிருந்து கழற்றினேன். மனசு வரவில்லைதான், ஆனால் முள் கேட்டது.

செம்பா, அலுமினியமா

படம் பார்த்தால் அலுமினிய ரேடியேட்டர்தான் கண்ணைப் பறிக்கும். எடையும் குறைவு. செம்பு அலுமினியத்தைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு வெப்பம் கடத்துமே என்று கேட்கலாம். ஆனால் பழைய ரேடியேட்டரில் குழாய் பித்தளை, இணைப்பு ஈயப்பற்று, குழாயும் குறுகல். அலுமினியத்தில் குழாயை அகலமாகச் செய்து ஃபின்னோடு அதிகம் ஒட்டவைக்க முடியும். புதிதாக இருக்கும்போது நல்ல அலுமினியம் ஜெயிக்கும், மறுக்கவில்லை.

புதிதாக இருக்கும்போது. ஒழுகினால் என்ன என்பதுதான் என் கேள்வி. பெரம்பூரில் எனக்குத் தெரிந்த ரேடியேட்டர் பாய், செம்பு கோரைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, காற்று அடித்து, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, ஈயம் பற்றவைத்துக் கையில் கொடுத்துவிடுவார். அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் ஆள் தேட வேண்டும், மெல்லிய குழாய் என்றால் அவரும் யோசிப்பார். கூடவே, கண்ட தண்ணீரையும் அலுமினியம் தாங்காது. காசிமேட்டுப் பக்கம் உப்புக் காற்று இரண்டையுமே விடாது என்பது வேறு விஷயம், செம்பு ஃபின்னும் பச்சை பூத்து உதிரும்.

என் பழைய ரேடியேட்டரின் மேல் டாங்கைப் பிரித்து பாய் என்னை எட்டிப்பார்க்கச் சொன்னார். குழாய் வாய்களில் பாதிக்கு மேல் வெள்ளையும் செம்பழுப்புமாக மூடியிருந்தன. "சார், இது ரேடியேட்டர் இல்ல, சுண்ணாம்புக் காளவாய்" என்றார். பழைய டாங்குகளையே வைத்துப் புதிய செம்பு கோர் போட்டோம். வெளியே பார்த்தால் 1960களின் கார்தான். நீங்கள் ரேஸுக்குப் போகிறவர் என்றால் அலுமினியம் வாங்குங்கள். வண்ணாரப்பேட்டையில் குடியிருந்து வாரம் ஒருமுறை ஓட்டுகிறவர் என்றால் செம்பு.

உள்ளே என்ன ஊற்றுவது

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது ஊரறிந்த சங்கதி. போர் தண்ணீரை ஊற்றினால் கெட்டிலில் படிவதுதான் இன்ஜினிலும் படியும். வெறும் தண்ணீருக்கு ஒரு பெருமை உண்டு: வெப்பத்தை ஏந்திக்கொள்வதில் அதை மிஞ்ச இந்தப் போட்டியில் ஆள் இல்லை. கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் கலந்தால் அந்தத் திறன் குறையும், கொதிநிலை கூடும். பாதிக்குப் பாதி கலந்தது அழுத்தமில்லாமல் 107 டிகிரி அளவில் கொதிக்கும். உறைபனி இல்லாத ஊரில் பாதிக்குப் பாதி எதற்கு? முப்பது சதவீதம் போதும். நாம் வாங்குவது கிளைகாலை அல்ல, அதில் உள்ள துரு தடுப்பானை. மிச்சம் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஈயப்பற்று ரேடியேட்டருக்குப் பழைய பாணிக் கூலன்ட்டே பாதுகாப்பு. அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

தண்ணீரே இல்லாத கூலன்ட் ஒன்று உண்டு. 180 டிகிரி வரை கொதிக்காது, துருவும் வராது. ஆனால் வெப்பம் ஏந்தும் திறன் குறைவு, அதனால் இன்ஜின் கொஞ்சம் சூடாகவே ஓடும். நடுவழியில் ஹோஸ் பிய்ந்தால் டீக்கடையில் ஒரு ஜக் தண்ணீர் வாங்கி ஊற்றித் தொடர முடியாது. எந்தத் தெருவிலும் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்கும் நம் ஊருக்கு அது எதற்கு?

ரேடியேட்டர் மூடியும் கவனிக்கத்தக்கது. ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த உயர்வைச் சும்மா தானம் செய்துவிடும். கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள், பழைய ஹீட்டர் வெடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா

"நம்ம ஊரு வெயிலுக்கு இது வேணாம் சார்" என்று ஒரு மெக்கானிக் கழற்றி என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பலன் இல்லை. தெர்மோஸ்டாட் மிகக் குறைந்த வெப்பத்தைத்தான் தீர்மானிக்கிறது, மிக அதிகத்தை அல்ல. முழுதாகத் திறந்த பிறகு 74 டிகிரியில் திறப்பதற்கும் 82 டிகிரியில் திறப்பதற்கும் வேறுபாடு இல்லை. சில இன்ஜின்களில் அதை எடுத்தால் பைபாஸ் திறந்தே கிடந்து, ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். சந்தேகம் இருந்தால் அடுப்பில் பாத்திரம் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். 82 போட்டு மூடிவிட்டேன்.

பெட்ரோல்

ஓடும்போதும் சூடாகிற நண்பர்கள் முதலில் டைமிங்கைப் பாருங்கள். தீப்பொறி தாமதமானால் எரிதல் எக்ஸாஸ்ட் வரை நீண்டு, அந்தச் சூடெல்லாம் தண்ணீர்ச் சட்டைக்குள் இறங்கும். இப்போது பங்கில் வருவது இ-20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டருக்குக் கலவை மெலிந்துபோகும். என் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களில் ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கலவையைக் கூட்டியதும் ஓட்டமே மாறியது.

இன்னொன்றையும் ஓவர்ஹீட் என்று தவறாக நினைக்கிறோம். வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. முள் சாதாரணமாகத்தான் இருக்கும். ஸ்பிட்ஃபயரில் கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட். அங்கே கொதிப்பது தண்ணீர் அல்ல, பெட்ரோல். எந்த ரேடியேட்டரும் இதைத் தீர்க்காது. நடுவே வெப்பத் தடுப்புத் தகடு வைத்திருக்கிறேன், பாதி குணம்தான். மீதிக்கு பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். முன்பக்கம் முழுக்கவே கவிழ்ந்து திறக்கும் பானட் என்பதால், அதற்குள் தெருப்பிள்ளைகள் நாலு பேராவது கூடிவிடுகிறார்கள்.