பேஸ்மென்ற் சுவரில் ஈரம்: ஒரு பழைய வீட்டு அனுபவம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீடு 1960களில் கட்டியது. நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற் அறையின் சுவர் கொங்கிரீட் கல் அடுக்கியது. கன வருடமாக இருக்கிறோம். பழைய வீடு வாங்கும் நம் ஆட்களுக்கு உதவட்டும் என்று, எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

முதலில் பெயின்ற். முன்னர் இருந்தவர்கள் சுவர் முழுக்க 'ஈரம் தாங்கும்' வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். வாங்கும்போது பளிச்சென்று இருந்தது. அடுத்த முறை பனி உருகியபோது தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. நகத்தால் கிள்ளினால் உள்ளே மாப் போல வெள்ளைப் பொடி. அது பூஞ்சணம் இல்லை, உப்பு. சுவருக்குள் ஊறும் தண்ணீர் சீமெந்திலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, அறைப் பக்கம் காயும்போது அதை விட்டுவிட்டுப் போகிறது. தண்ணீர் தெளித்தால் உப்புக் கரையும், பூஞ்சணம் கரையாது. வெளியிலிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்க, உள்ளே அடிக்கிற பெயின்ற் எதுவும் கன காலம் நிற்காது. அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஈரம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பிளாஸ்ரிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் வீட்டுக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. எங்கள் வீட்டில் இரண்டுமே இருந்தன: வடக்குச் சுவரில் முதலாவது, உடுப்புத் தோய்க்கும் மெஷின் நிற்கிற மூலையில் இரண்டாவது.

வடக்குச் சுவருக்கு வைத்தியம் வெளியில் இருந்தது. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் அத்திவாரத்தின் அடியிலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு மீற்றர் தள்ளிப் போகிற மாதிரி நீட்டினோம். சுவரோரம் மண் அமர்ந்து பள்ளமாகியிருந்தது. மண் கொட்டி இறுக்கி, முதல் பத்து அடிக்குள் ஆறு அங்குலம் இறங்குகிற சரிவாக்கினோம். செலவு பெரிதில்லை, முதுகுதான் நொந்தது. ஈரத்தின் பெரும் பங்கு அதோடு நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பீலியிலுள்ள மேப்பிள் இலையை அள்ள வேண்டும். அடைத்தால் தண்ணீர் மறுபடி சுவரோரம்தான் விழும்.

மூலைக்கு டிஹியூமிடிபையர், அதாவது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெஷின். ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்து, அதன் குழாயைத் தரை வடிகாலுக்குள் விட்டிருக்கிறோம். அப்படி விட்டால் வாளி நிறைந்து மெஷின் நின்றுபோகிற பிரச்சினை இல்லை. ஜூலையில் காற்றோட்டத்துக்கென்று ஜன்னலைத் திறப்பது நம் பழக்கம். வெளியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று குளிர்ச் சுவரில் பட்டு இன்னும் வியர்க்கும், அதனால் மூடியே வையுங்கள். அரிசி மூட்டை, கார்ட்போட் பெட்டி எதையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுவதால் காற்று தானே காய்ந்துவிடும், மெஷினை நிறுத்திவிடுவோம். கரண்ட் பில் கொஞ்சம் கூடும்தான். ஆனால் அந்த நாட்பட்ட புழுங்கல் மணம் போனதே எங்களுக்குப் பெரிய விஷயம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2024 ஜூலை 16 மழையில் பியர்சன் விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் பதிவானது. அன்று வடக்குச் சுவர் தாங்கியது, ஜன்னலுக்குக் கீழுள்ள வெடிப்பு ஒன்றில் மட்டும் கசிந்தது. சாக்கடைத் தண்ணீர் திரும்பி வருவது வேறு பிரச்சினை. அதற்குத் தடுப்பு வால்வு பூட்ட ரொறன்ரோ நகரசபை மானியம் தருகிறது, விசாரியுங்கள்.

அந்த வெடிப்பை உள்ளேயிருந்து ஊசியால் பசை ஏற்றி அடைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் கொங்கிரீட் கல்லின் நடுவில் பொந்து இருக்கிறது, ஓரிடத்தை அடைத்தால் தண்ணீர் அடுத்த கல்லால் வரும். வெளியே தோண்டி, சுவருக்கு வெளிப்பக்கம் தடுப்புப் போடுவதுதான் சரி. காசு சேர்க்கிறோம். அது முடியும்வரை அந்தச் சுவரை மூடி ட்ரைவால் பலகை அடிக்கப்போவதில்லை.