கத்தி செய்யக் கொடுக்கிறீர்களா? அரம் போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்

காசிமேட்டில் மீன் வெட்டும் என் அம்மாவுக்காகக் கத்தி செய்யக் கொடுத்து 1,800 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்ததும் பெரிய மீன் வர ஆரம்பிக்கும். அதற்குள் வேண்டும் என்று ஏப்ரல் கடைசியிலேயே வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி வைத்தேன். பத்து இன்ச் நீளம், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. "பட்டைதாம்மா, நம்பி வாங்கிட்டுப் போ" என்று பட்டறைக்காரர் வாய்ஸ் மெசேஜே அனுப்பினார். முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டேன். ரசீது கேட்கவில்லை.

அப்புறம் அலைச்சல்தான். கரி வரலை, ஆள் ஊருக்குப் போயிட்டான், கரண்ட் இல்லை. ஜூன் கடைசியில்தான் கைக்கு வந்தது. முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ். இரண்டாம் நாள் வஞ்சிரத்தின் நடுமுள்ளில் இறக்கியதும் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கிவிட்டது. அம்மா விரலால் தடவிப் பார்த்து, "இது பட்டையே இல்லடி" என்றார்.

திருப்பிக் கொண்டுபோனால், "உங்கம்மாவுக்கு வெட்டத் தெரியல" என்கிறார். இருபது வருஷமாகச் சுறாவும் வஞ்சிரமும் வெட்டுகிற கை அது. பணம் போனதைவிட அந்தப் பேச்சுதான் வலித்தது.

வேறொரு பட்டறை அண்ணன் அதைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துக் காட்டினார். பொறி நீளநீளமாகக் கோடு போல ஓடியது. பக்கத்தில் கிடந்த பட்டைத் துண்டைப் பிடித்தார். பொறியின் நுனியெல்லாம் மத்தாப்பு மாதிரி பூத்தது. கார்பன் கூடுதலாக இருந்தால் அப்படித்தான் பூக்குமாம். சாதா இரும்பில் அது குறைவு; பழுக்கக் காய்ச்சி எத்தனை தடவை எண்ணெயில் தோய்த்தாலும் வாய் கெட்டிப்படாது.

தாமதத்தை நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒற்றை ஆள் பட்டறையில் அது சகஜம். இரும்பை மாற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீங்கள் பாதிப் பணம் மட்டும் கொடுங்கள். என்ன இரும்பு, என்றைக்குத் தருவார் என்பதை எழுதி வாங்குங்கள். வாங்கும்போது அங்கேயே ஒரு அரம் கேட்டு வாயில் லேசாக இழுங்கள். வழுக்கினால் தோய்ச்சல் ஏறி வாய் கெட்டிப்பட்டிருக்கிறது. கடித்து இழுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லியிருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஜிபே ரசீதும் அந்த வாய்ஸ் மெசேஜும் போனில் பத்திரமாக இருக்கின்றன. கத்தியை, மடங்கிய வாயை நிமிர்த்தாமல், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.