கர்சரை நகர்த்த மேக்ரோவா, புரொடெக்ட் ஷீட்டா?

கொள்முதல் பில்களைப் பதிய எக்செலில் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஒரு செல்லை நிரப்பியதும் கர்சர் அடுத்து நிரப்ப வேண்டிய செல்லுக்குத் தாவ வேண்டும். இதற்கு இரண்டு வருடம் மேக்ரோ (எக்செலுக்குள் எழுதி வைக்கும் சிறு நிரல்) வைத்திருந்தேன். இப்போது 'புரொடெக்ட் ஷீட்' மூலம் ஷீட்டைப் பூட்டிவிட்டு டேப் விசையிலேயே வேலையை முடிக்கிறேன். மேக்ரோவுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை.

வரிவரியாகப் பட்டியல் அடிப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். டேப் அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் என்டர் தட்டினால், தொடங்கிய இடத்துக்கு நேர் கீழே கர்சர் வந்து நிற்கும். சிக்கல் படிவங்களில்தான்.

என் மேக்ரோ, சி4-இல் சப்ளையர் பெயரை எழுதியதும் கர்சரை சி6-க்கு அனுப்பும். அங்கே தொகை. நடுவில் உள்ள சி5-இல் பழைய பாக்கியைக் காட்டும் ஃபார்முலா. ஒருநாள் ஜிஎஸ்டி எண்ணுக்காக நாலாம் வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். ஃபார்முலா சி6-க்கும் தொகை சி7-க்கும் இறங்கின. மேக்ரோவுக்குள் எழுதிய சி6 என்ற முகவரி மட்டும் அப்படியே இருந்தது. 11 பில்களின் தொகையை ஃபார்முலா மேலேயே அடித்திருக்கிறோம். மாலையில் மொத்தம் பூஜ்ஜியம் என்று வந்தபோதுதான் தெரிந்தது.

பூட்டிய ஷீட்டில் இது நடக்காது. நிரப்ப வேண்டிய செல்களுக்கு மட்டும் 'லாக்டு' குறியை எடுத்துவிட்டு, ஷீட்டைப் பூட்டும்போது பூட்டிய செல்களைத் தேர்ந்தெடுக்கும் அனுமதியையும் எடுத்துவிட வேண்டும். டேப் அடித்தால் கர்சர் திறந்த செல்களுக்கு மட்டுமே போகும். பூட்டைத் திறந்து புது வரி சேர்த்தால் அந்தப் பண்பு செல்லோடு சேர்ந்தே நகரும். ஃபார்முலா மேல் யார் கையும் படாது.

மேக்ரோவில் இன்னொரு சிக்கல், எதுவும் எழுதாமல் என்டர் தட்டினால் செல்லில் உள்ளது மாறாது, அதனால் மேக்ரோவும் ஓடாது. காலியாக விட வேண்டிய இடங்களில் கர்சர் வழி தவறிவிடும். 2022 முதல் இணையத்திலோ மின்னஞ்சலிலோ வரும் கோப்பின் மேக்ரோக்களை எக்செல் தடுத்துவிடுவதால், வேறு கணினிக்கு அனுப்பினால் அந்தத் தடையை நீக்குவதும் ஒரு வேலை.

சரி, மேக்ரோ எங்கே தேவை? டேப் எப்போதும் இடமிருந்து வலம், பிறகு கீழே. இடது கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு வலது கட்டத்துக்குப் போக வேண்டுமானால் டேப் உதவாது. ரொக்கம் என்றால் காசோலை எண்ணைத் தாண்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுக்கும் மேக்ரோதான். என் படிவத்தில் இருபது செல்கூட இல்லை. பெரிய படிவங்களில் பழகியதில்லை. மேக்ரோதான் வேண்டுமென்றால் சி6 என்று எழுதாதீர்கள். செல்லுக்கு 'Amount' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து அந்தப் பெயரை எழுதுங்கள். வரி சேர்த்தாலும் பெயர் செல்லோடு போகும்.