ஏழு அட்டைப்படங்களும் ஒரு கிட்டாரும்: ‘பிளர் 21’ தொகுப்பு

பிரிட்டிஷ் ராக் குழுவான பிளரின் ‘பிளர் 21’ பெட்டி வந்த அன்று பாட்டு எதையும் போடவில்லை. ஏழு ஆல்பங்களையும் வெளியே எடுத்து, வெளிவந்த வரிசையில் தரையில் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1991இல் நீச்சல் தொப்பி அணிந்த பெண். 1993இல் ‘மல்லார்ட்’ நீராவி எஞ்சின். 1994இல் வாய்ப்பூட்டுடன் பாய்ந்தோடும் பந்தய நாய்கள். 1997இல் தள்ளுவண்டியில் அவசரமாகக் கொண்டுசெல்லப்படும் நோயாளி. படமே கலங்கித் தெரிகிறது. அதே நால்வர், ஆறே ஆண்டுகள்.

முதல் ஆல்பம் வந்து 21 ஆண்டுகள் ஆனதையொட்டி 2012இல் வெளியான தொகுப்பு இது. 18 குறுந்தகடுகள், 3 டிவிடிகள், ஒரு சிறிய வினைல் தட்டு, ஒரு புத்தகம். ஒருவர் வைத்திருந்ததை இணையத்தில் வாங்கினேன். மூலை நசுங்கி வந்தது. தட்டுகளில் கீறல் இல்லாததால் திருப்பி அனுப்பவில்லை.

பிரிட்டிஷ் கிட்டார் பாப்பின் தோற்றமும் ஓசையும் எப்படி மாறின என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன். முதல் ஆல்பத்தில் மான்செஸ்டர் குழுக்களின் ஆட்டத் தாளம், கண்ணை மறைக்கும் முடி. அந்த நாளில் பலரும் அப்படித்தான் இருந்தார்கள். 1992இல் குழுவுக்கு 60,000 பவுண்டு கடன். அதை அடைக்க அமெரிக்கா முழுவதும் சுற்றினார்கள். அங்கே எங்கும் கிரஞ்ச் என்ற கரடுமுரடான அமெரிக்க ராக் இசை. ஊர் ஏக்கத்தில் பாடகர் டேமன் ஆல்பர்ன், அறுபதுகளின் பிரிட்டிஷ் குழுவான கிங்க்ஸின் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது முடி குறைந்திருந்தது. ஃபிரெட் பெர்ரி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சட்டையும் கனத்த பூட்ஸும் ஏறியிருந்தன. கிட்டாரும் மாறியது. படர்ந்து மங்கிய ஒலி போய், வெட்டி வெட்டி வரும் டெலிகாஸ்டர் கிட்டாரின் ஒலி வந்தது.

1994இன் ‘பார்க்லைஃப்’ ஆல்பம் இந்தத் தோற்றத்தின் உச்சம். தலைப்புப் பாடலில் வசனம் பேசுபவர் ஃபில் டேனியல்ஸ். அறுபதுகளில் நாகரிக உடையோடு திரிந்த ‘மாட்’ இளைஞர்களைப் பற்றி 1979இல் வந்த படத்தின் நாயகன். அறுபதுகளின் உடையோடு அவருடைய குரலையும் சேர்த்தே அழைத்து வந்துவிட்டார்கள். நான் கிட்டார் பழகத் தொடங்கியது இந்த ஆல்பத்தைக் கேட்டுத்தான்.

ஆனால் 1995இன் ‘தி கிரேட் எஸ்கேப்’ எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த ஆகஸ்டில் ஒரே நாளில் வெளியான இரண்டு சிங்கிள்களில் (தனிப்பாடல் தட்டுகளில்) பிளருடையது 2,74,000 பிரதிகள் விற்றது, போட்டிக் குழுவான ஓயசிஸுடையது 2,16,000. நாடே பேசிய வெற்றி. ஹெட்ஃபோனில் கேட்டால் வேறொன்று தெரிகிறது. ஊதுகருவிகளும் வயலின்களும் கீபோர்டும் நிரம்பி வழிய, குழுவின் கிட்டார் கலைஞர் கிரஹாம் காக்ஸனின் கிட்டார் இடம் தேடி அலைகிறது. குழுவின் தோற்றம் எவ்வளவு பளபளத்ததோ அவ்வளவு அந்தக் கருவி சுருங்கிப்போனது.

மக்களைப் பயமுறுத்தும் இசையை மீண்டும் செய்ய வேண்டும் என்று காக்ஸன் ஆல்பர்னுக்குக் கடிதம் எழுதியது இதற்குப் பிறகுதான். அதன் விளைவு 1997 ஆல்பத்தின் முதல் நொடியிலேயே காதில் விழுகிறது. கரகரத்த கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. அதைச் சுற்றி எந்த அலங்காரமும் இல்லை. அடுத்து வரும் ‘சாங் 2’ இரண்டு நிமிடம் இரண்டு நொடிதான். அடங்கிய டிரம்ஸ், பிறகு பாஸும் கிட்டாரும் ஒருசேர வெடிக்கின்றன. எந்த அமெரிக்க ஓசைக்கு மறுப்பாக ஃபிரெட் பெர்ரி சட்டையை மாட்டினார்களோ, அந்த ஓசையிடமே போய்க் கற்றிருக்கிறார்கள். இதை நான் தோல்வியாக நினைக்கவில்லை. இங்கிலாந்து வேடம் கழன்ற பிறகுதான் இந்த நால்வரின் சொந்தக் குரல் கேட்டது என்பேன். 1999இன் ‘13’ உறையில் இருப்பதே காக்ஸன் வரைந்த ஓவியம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2015, 2023 ஆல்பங்கள் இதில் இல்லை. ஒத்திகைப் பதிவுகள் நிறைய இருக்கின்றன. ‘சீமோர்’ என்ற பெயரில் இருந்த காலத்துப் பதிவுகளை நான் விரும்பிக் கேட்டேன், எல்லோருக்கும் பிடிக்காது. பாடல்கள் மட்டும் போதும் என்றால் 1994, 1997 ஆல்பங்களைத் தனியாக வாங்குங்கள்.

ஏழாவது ஆல்பம் 2003இல் வந்தது. உறை சுவரோவியக் கலைஞர் பேங்க்ஸியுடையது, பதிவின் ஒரு பகுதி மொராக்கோவில் நடந்தது. நடுவில் காக்ஸன் விலகிவிட்டார். அவர் வாசித்திருப்பது கடைசிப் பாட்டில் மட்டும். அந்தத் தட்டைப் போடும்போதெல்லாம் அந்தப் பாட்டை இரண்டு முறை கேட்கிறேன்.